குட்டைக் காலும் ஆரஞ்சு காரும்



விளையாட்டு விழா அன்னைக்கு நீங்க எல்லாம் ஓடும்போது, வேப்பமரத்தடியில உக்காந்து உங்க செருப்பைக் காவல் காக்கிறவ நான்தான். எனக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. அதனாலதான் இந்த மாசம் புரூஸ் மெக்லாரன் வரலாற்றை நானே எழுதுறேன்னு கேட்டு வாங்கினேன்.

அவர் 1937 ஆகஸ்ட் 30-ல் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் பிறந்தார். அப்பா கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒன்பது வயதில் புரூஸுக்கு பெர்தஸ் என்ற நோய் வந்தது. இது வந்தால் தொடை எலும்பின் மேல்முனைக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஏறக்குறைய இரண்டு வருடம் சிகிச்சை விடுதியில் படுத்தே கிடந்தார். எழுந்து நடந்தபோது இடது கால் குட்டையாகிவிட்டது. கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

ஆனா கார் ஓட்ட அது தடையா இல்லை! 1959-ல் அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தில் ஜெயித்தார். அப்போ வயசு 22 தான்.

1963-ல் சொந்தமாகக் குழு ஆரம்பித்தார். 1966-ல் அவர்களின் முதல் ஃபார்முலா கார், எம்2பி, ஓடியது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரத்தை ஒட்டி அதன் உடலைச் செய்தார்கள். அட்டைப்பெட்டியில ரெண்டு தாளுக்கு நடுவுல நெளிநெளியா ஒரு தாள் இருக்குமே, அது மாதிரிதான். எடை குறைவு, ஆனா லேசுல வளையாது. எஞ்சின்தான் காலை வாரிவிட்டது. 4.2 லிட்டர் எஞ்சினைப் போட்டி விதிக்காக 3 லிட்டராகக் குறைத்தார்கள். சக்தி போதவில்லை, எடையும் அதிகம். மொனாக்கோவில் ஆயில் ஒழுகி, கார் பாதியிலேயே நின்றது.

அவர் விடவில்லை. 1968-ல் ஆரஞ்சு நிற எம்7ஏ கார் வந்தது. இதில் காஸ்வொர்த் வி-8 எஞ்சின், சுமார் 400 குதிரைசக்தி. ஓட்டுநர் உட்காரும் கூட்டின் பின்பக்கம் எஞ்சினை நேராக போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். எஞ்சினே காரின் பின்பாதி எலும்புக்கூடு! பின்சக்கரங்களின் பாரத்தையும் அதுவே தாங்கியது. தனிச் சட்டம் தேவையில்லை, எடை மிச்சம்.

ஜூன் 9, பெல்ஜியம். முன்னால் போன ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்குக் கடைசிச் சுற்றில் பெட்ரோல் போதவில்லை. புரூஸுக்கு அது தெரியாது. இரண்டாமிடம்னு நினைச்சுக்கிட்டே வந்து காரை நிறுத்தினார். அப்புறம்தான் ஜெயித்ததே தெரிந்தது! அவர் பெயர் வைத்த காருக்கு அதுதான் முதல் கிராண்ட் பிரிக்ஸ் வெற்றி.

1970 ஜூன் 2-ல் இங்கிலாந்தில் ஒரு புதுப் பந்தயக் காரைச் சோதித்து ஓட்டினார். வேகத்தில் பின்பக்க மூடி கழன்று, கார் மோதி, இறந்துபோனார். வயது 32. குழுவில் இருந்தவர்கள் கலைந்து போகவில்லை. 1974-ல் உலகப் பட்டம் வாங்கினார்கள். 2024-லும் அந்தக் குழு சாம்பியன் ஆனது.

தோழிகளே, இந்த வருஷம் செருப்புக்கு வேற ஆள் பாத்துக்கோங்க. நான் குண்டு எறிதலுக்குப் பேர் குடுத்துட்டேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி