அறம் வளர்த்த அரசி அகல்யாபாய்

காசிக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் விசுவநாதரின் சந்நிதியில் மெய்ம்மறந்து நிற்கின்றனர். இன்று நாம் வழிபடும் அந்த ஆலயத்தை 1780ஆம் ஆண்டில் எழுப்பியவர் ஒரு பெண்மணி. சோமநாதத்தில் பழைய ஆலயத்தின் இடிபாடுகளுக்கு அருகே 1783இல் சிவபெருமானுக்குக் கோயில் கட்டியவரும், கயையில் விஷ்ணுபாத ஆலயத்தை 1787இல் புதுப்பித்தவரும் அவரே. இராமேசுவரம் வரை அவருடைய அறக்கொடைகள் பரவின. மாளவத்தை 28 ஆண்டுகள் ஆண்ட தேவி அகல்யாபாய் ஹோல்கர்தான் அவர்.

இளமை

மகாராஷ்டிரத்தில், அண்மைக் காலம்வரை அகமத்நகர் என வழங்கிய மாவட்டத்தில் உள்ள சௌண்டி என்னும் சிற்றூரில் 1725ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அகல்யா பிறந்தார். தந்தை மாங்கோஜி ஷிண்டே அவ்வூரின் தலைவர். பெண்குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது வழக்கமில்லாத அக்காலத்தில், தம் மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார்.

பேஷ்வாவின் படைத்தளபதியும் மாளவத்தின் தலைவருமான மல்ஹார் ராவ் ஹோல்கர் ஒருமுறை அவ்வூரில் தங்கியபோது, கோயிலில் பக்தியுடன் தொண்டு செய்த சிறுமியைக் கண்டு, தம் மருமகளாக்கிக்கொள்ள விரும்பினார் என்று வழிவழியாகச் சொல்வர். அவருடைய மகன் காண்டேராவுக்கு அகல்யா வாழ்க்கைப்பட்டார். மாலேராவ் என்ற மகனும் முக்தாபாய் என்ற மகளும் பிறந்தனர்.

தீயிலிருந்து கடமைக்கு

1754இல் கும்ஹேர் கோட்டை முற்றுகையின்போது பீரங்கிக் குண்டு பட்டுக் காண்டேராவ் உயிர்துறந்தார். அகல்யாபாய்க்கு அப்போது வயது 28. அக்கால வழக்கப்படி கணவரின் சிதையில் ஏற அவர் துணிந்தார். மல்ஹார் ராவ் கண்ணீர் மல்க அவரைத் தடுத்தார். மகனை இழந்த தமக்கு இனி மகனும் அவரே என்று மன்றாடினார். மாமனாரின் சொல்லை ஏற்று அகல்யாபாய் உயிர்வாழ இசைந்தார். அன்று முதல் கணக்கு வழக்கு, வரி, நீதி, படைக்கலம் ஆகிய அனைத்தையும் மல்ஹார் ராவ் அவருக்குப் பயிற்றுவித்தார். தாம் போர்முனையில் இருந்த காலங்களில் நிர்வாகப் பொறுப்பை மருமகளிடமே ஒப்படைத்தார்.

1766இல் மல்ஹார் ராவ் காலமானார். பட்டமேறிய மாலேராவும் ஓராண்டு முடியுமுன் நோயுற்று மறைந்தார். கணவர், மாமனார், மகன் என மூவரையும் இழந்த ஒரு பெண்ணால் நாட்டைக் காக்க இயலாது என அமைச்சர் கங்காதர் யசுவந்த் எண்ணினார். பேஷ்வாவின் சிற்றப்பாவான ரகுநாதராவைப் படையுடன் வரவழைத்தார். அகல்யாபாய் அஞ்சவில்லை. தம் படைகளைத் திரட்டினார். தம்மை வென்றால் ரகுநாதராவுக்குப் பெருமை ஏதுமில்லை, தோற்றாலோ அவப்பெயர் என்றுமே நீங்காது என்று அவருக்கு உணர்த்தினார். ரகுநாதராவ் பின்வாங்கினார். பேஷ்வா மாதவராவ் 1767இல் அகல்யாபாயின் உரிமையை ஏற்றுக்கொண்டார். படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்கரிடம் அளித்து, ஆட்சிப் பொறுப்பை அரசியார் தாமே ஏற்றார்.

மகேசுவரத்து அரசவை

நர்மதை நதிக்கரையில் உள்ள மகேசுவரம் அவருடைய தலைநகராயிற்று. நெசவாளர்களை அங்கே குடியேற்றி ஆதரித்தார்; இன்றும் பெயர்பெற்று விளங்கும் மகேசுவரிச் சேலைகள் அந்த ஆதரவில் தழைத்தவையே.

அவர் மறைந்து கால்நூற்றாண்டுக்குள் மாளவத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கம், அவரை நேரில் அறிந்தோரிடம் கேட்டு அவருடைய அன்றாட வாழ்வைப் பதிவு செய்துள்ளார். விடியலுக்கு ஒரு நாழிகை நேரத்திற்கும் முன்பே எழுவார். பூஜை, புராண சிரவணம், அன்னதானம் ஆகியவற்றை முடித்து எளிய உணவு கொள்வார். பகல் 2 மணி முதல் மாலை 6 மணி வரை அரசவையில் இருப்பார். பர்தா அணியாமல் அமர்ந்து, எவருடைய முறையீட்டையும் நேரில் கேட்பார். மாலை வழிபாட்டிற்குப்பின் இரவு 9 மணிக்கு மீண்டும் அரசுப்பணி தொடங்கி 11 மணிவரை நீளும்.

இந்தூரில் பிள்ளையின்றி இறந்த ஒரு செல்வரின் சொத்தில் தளபதி துக்கோஜியே பங்கு கேட்டார். அச்செல்வரின் மனைவி மகேசுவரத்திற்கு விரைந்து வந்து முறையிட்டார். சொத்து முழுவதும் அப்பெண்மணிக்கே உரியது எனத் தீர்ப்பளித்த அரசியார், இந்தூர் மக்களைத் துன்புறுத்தாமல் அகலுமாறு துக்கோஜிக்கு ஆணையிட்டார்.

மலைவழிகளில் கொள்ளையிட்டு வந்த பீல் குடிமக்களிடம் முதலில் கடுமை காட்ட நேர்ந்தது. பின்னர், அவ்வழியே செல்லும் சரக்குகளுக்குச் சிறு சுங்கம் பெறும் அவர்களது பழைய உரிமையை ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈடாக, வழிப்போக்கரைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையதாயிற்று.

ஆலயங்களுக்கும் படித்துறைகளுக்கும் செலவிட்ட பொருள் பெரும்பாலும் ஹோல்கர் குடும்பத்துப் பெண்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட நிலங்களின் வருவாயிலிருந்தே வந்தது. அதன் கணக்கு அரசுக் கருவூலத்தோடு கலவாமல் தனியே காக்கப்பட்டது. உழுகின்ற எருதுகளைக் கோடையில் நிறுத்தி நீரூட்ட ஆட்களை அமர்த்தினார். வயல்களில் பறவைகளை விரட்டுகிறார்கள் என்பதற்காக, விளைந்த வயல்களை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கென விட்டுவைத்தார். தம்மைப் புகழ்ந்து ஒரு புலவர் இயற்றிய நூலைக் கேட்டபின், அதை நர்மதையில் எறியப் பணித்தார்.

ஆற்றவொண்ணாத் துயர்

முதுமையிலும் துயரம் அவரை விடவில்லை. மகள் முக்தாபாயின் ஒரே மகன் இறந்தான். 1791இல் மருமகனும் மறைந்தார். முக்தாபாய் சிதையேறத் துணிந்தார். ஒருகாலத்தில் மாமனார் தம்மை மன்றாடித் தடுத்தவாறே, அகல்யாபாய் மகளின் காலடியில் விழுந்து கெஞ்சினார். முதியவரான தாய்க்குப்பின் தமக்கென யாரும் இல்லை என்று கூறி மகள் இசையவில்லை. குடிமக்களின் துயரெல்லாம் துடைத்த அரசியாரால் தம் மகளைக் காக்க இயலவில்லை. நாட்டை ஆண்டவரையும் மீறி நின்றது அந்தக் கொடிய வழக்கம். அது சட்டத்தால் தடைசெய்யப்பட மேலும் 38 ஆண்டுகள் ஆயின.

நர்மதைக்கரையில் அனைத்தையும் கண்ணால் கண்ட அத்தாய், மூன்று நாட்கள் உணவும் பேச்சும் இன்றிக் கிடந்தார். பின்னர் எழுந்தார். மகளின் நினைவாக ஓர் அழகிய மண்டபம் எழுப்பினார். மீண்டும் அரசவைக்கு வந்து மக்களின் முறையீடுகளைக் கேட்கலானார். 1795ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், தமது 70ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இந்தூரின் பல்கலைக்கழகமும் விமான நிலையமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் பிறந்து முந்நூறு ஆண்டுகள் நிறைந்ததை 2025இல் நாடு கொண்டாடியது. சிதையில் கருகியிருக்க வேண்டிய ஓர் உயிர், ஒரு முதியவரின் கண்ணீரால் காக்கப்பட்டு, இலட்சக்கணக்கானோருக்கு நிழலாயிற்று. ஒரு பெண்ணைக் கற்பிப்பதும் காப்பதும் எத்துணைப் பேருக்கு வாழ்வளிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இழப்பு நேரும்போது நாமும் சிலநாள் துவண்டு கிடக்கலாம். ஆயினும் நம்மை நம்பியிருப்போர் வாயிலில் காத்திருக்கிறார்கள் என்பதை நினைந்து எழுதல் வேண்டும். அகல்யாபாயின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.