கடையத்தில் பாரதியார்

குற்றாலத்து மலைத்தொடர் தெற்கு நோக்கி நீளும் வழியில், அதன் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் கடையம். இந்நாளில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. பாரதியாரின் மனைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் இதுவே. 1882-ஆம் ஆண்டு எட்டையபுரத்தில் தோன்றிய பாரதியார், 1897-இல் அவ்வம்மையாரை மணந்தபோது பதினான்கு வயதினர். மாமனார் ஊரே பின்னாளில் தமக்குக் காவல் எல்லையாகும் என்று அவர் கனவிலும் கருதியிருப்பாரோ?

'இந்தியா' என்னும் வார இதழில் அன்னியர் ஆட்சியை அஞ்சாது கண்டித்தமையால், சிறைப்பட நேரும் என அறிந்து, 1908-இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியை அடைந்தார். அங்கிருந்து வெளிவந்த அவ்விதழும் ஆங்கில அரசின் தடையால் 1910-இல் நின்றது. 1914-இல் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. ஐயத்துக்குரியோர் நாட்டினுள் நுழைவதைத் தடுக்கவும், அவர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்கவும் அரசு போர்க்காலச் சட்டங்களை இயற்றியது. பாரதியாரோ, அப்போரில் வலிய ஜெர்மனியை எதிர்த்து நின்ற சிறிய பெல்ஜியத்தை மனமுருகி வாழ்த்திப் பாடியவர். பெல்ஜியம் ஆங்கிலேயரின் நட்பு நாடு. இருந்தும் அரசின் ஐயம் தீரவில்லை.

1918 நவம்பர் 11-ஆம் நாள் போர் ஓய்ந்தது; போர்க்காலச் சட்டம் ஓயவில்லை. ஒன்பது நாட்களுக்குப்பின் புதுச்சேரியை நீங்கிய பாரதியார், கடலூருக்கு அருகே கைதானார். தாம் அரசியலினின்று விலகிவிட்டதாகச் சிறையிலிருந்து ஆளுநருக்கு விண்ணப்பமும் எழுதினார். இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். பத்தாண்டு வறுமையும் ஒற்றர் தொல்லையும் தாங்கி, இரு பெண்மக்களை வளர்த்தவர் நிலையை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கூறார். அன்னி பெசன்ட் அம்மையாரும் சி. பி. இராமசாமி ஐயரும் அவர்பொருட்டு முயன்றனர். டிசம்பர் 14-இல் விடுதலை கிட்டியது. ஆயினும் அது முழு விடுதலையன்று. அவர் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்கவேண்டும், அரசியலில் ஈடுபடலாகாது, எழுதுவனவற்றை அச்சிடுமுன் இரகசியப் போலீசாரின் பார்வைக்கு அனுப்பவேண்டும். பாஞ்சாலி சபதம் பாடிய கவிஞரின் பாட்டைப் போலீஸ் அதிகாரி ஒருவர் படித்து இசைந்த பின்னரே தமிழர் படிக்கலாம் என்பது எத்துணை விந்தை!

பாரதியார் கடையத்தில் குடியேறினார். சாதி வேறுபாடு பாராது எல்லோரோடும் பழகிய அவர் போக்கு அக்கிரகாரத்தார்க்கு ஒவ்வவில்லை. ஊர்ப்புறத்து நித்தியகல்யாணி அம்மன் கோயிலும் மலைச்சாரலும் அவருக்குத் துணையாயின. வறுமை மிகவே, 1919-இல் எட்டையபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி விடுத்தார், பயன் விளையவில்லை. மறு ஆண்டு, தம் எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படிகள் அச்சிட எண்ணி, பொருளுதவி வேண்டி அன்பர் பலர்க்கும் சுற்றறிக்கை விடுத்தார். எதிர்பார்த்த பொருள் வந்து சேரவில்லை.

1920-இல் தடைகள் நீங்கின. அவ்வாண்டின் இறுதியில் பாரதியார் சென்னைக்குச் சென்று, 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் மீண்டும் எழுதுகோலை ஏந்தினார். யாருடைய இசைவும் வேண்டாது எழுத அவருக்கு எஞ்சியிருந்த காலம் ஓராண்டும் நிரம்பவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டாம் வயதில், திருவல்லிக்கேணியில் காலமானார். கடையத்தில் அவர் எண்ணிய நாற்பது நூல்களுள் ஒன்றேனும் அத்திட்டப்படி வெளிவரவில்லை.