இரவுப் பள்ளி கண்ட ஜோதிராவ் புலே

அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்களாக மூவரைக் கொண்டார். புத்தர், கபீர் ஆகியோரை அடுத்து அவர் போற்றிய மூன்றாமவர் மகாத்மா ஜோதிராவ் புலே. சூத்திரர் யாவர் என ஆராய்ந்து 1946-இல் தாம் வெளியிட்ட நூலை அப்பெருந்தகைக்கே காணிக்கையாக்கினார். புலேயின் பெண்கல்விப் பணியை நம் இளைஞர் பலரும் அறிவர். அவர் நடத்திய இரவுப் பள்ளியை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

ஜோதிராவ் 1827-இல் மராட்டிய நாட்டில், புனா நகரில் பூவும் காய்கறியும் விற்ற குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தார். தொடக்கக் கல்வி முடிந்ததும் தந்தை கோவிந்தராவ் அவரைப் பள்ளியினின்று நிறுத்தித் தோட்ட வேலையில் ஈடுபடுத்தினார். பகலெல்லாம் மண்ணில் உழைத்த சிறுவன், இரவில் எண்ணெய் விளக்கின் அருகமர்ந்து படித்தான். அதனைக் கண்ணுற்ற கஃபார் பேக் முன்ஷி என்னும் இசுலாமியப் பெரியவரும், லிஜித் என்னும் கிறித்தவரும் தந்தையிடம் பரிந்து பேசினர். 1841-இல் ஜோதிராவ் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியிற் சேர்ந்தார். அவ்விருவருக்கும் இதனால் ஆன பயன் யாது? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்புக் கெடலாகாது என்று கருதினர், அவ்வளவே.

தாம் கற்றதை ஜோதிராவ் முதலில் தம் மனைவி சாவித்திரிபாய்க்குக் கற்பித்தார். 1848-இல் புனாவில் பெண்கள் பள்ளி தொடங்கியபோது அவ்வம்மையாரே ஆசிரியையானார். தெருவில் அவர்மீது சாணமும் சேறும் வீசினர். மாற்றுச் சேலையொன்றைக் கையோடு கொண்டு சென்றார். ஊர்ப்பகைக்கு அஞ்சிய தந்தை 1849-இல் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். மகர், மாங் முதலிய தீண்டாதாராக ஒதுக்கப்பட்ட வகுப்பினருக்கும் பின்னர்ப் பள்ளிகள் கண்டனர்.

1855-இல் கணவனும் மனைவியும் தம் இல்லத்திலேயே இரவுப் பள்ளி தொடங்கினர். பகலெல்லாம் உழைத்த உழவரும் கூலியாட்களும் அந்திக்குமேல் அங்கு வந்து எழுதப் படிக்கக் கற்றனர். இது எளிய பணியன்று. அறிவொளி இயக்கக் காலத்தில் யானும் ஊதியமின்றி முதியோர்க்கு எழுத்தறிவித்தவன். நாற்பது வயதைக் கடந்தவர் சிலேட்டின்மேல் தலை சாய்த்து உறங்கிவிடுவர். பகற்பள்ளியில் உறங்கும் மாணவனை அதட்டி எழுப்பலாம்; நாற்று நட்டுவிட்டு வந்த அம்மையாரை எழுப்ப மனம் ஒப்பாது. மறுநாளும் அவர் வருவார் என்னும் நம்பிக்கையே ஆசிரியருக்குக் கிடைக்கும் கூலி.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததாகப் புலேயின் வரலாற்றை எழுதியோர் கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நள்ளிரவில் இருவர் ஆயுதத்துடன் வீட்டினுட் புகுந்தனர். விழித்தெழுந்த ஜோதிராவ் யார் என வினவ, அவரைக் கொல்லப் பணம் பேசி அனுப்பப்பட்டதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். தாம் அவர்களுக்கு இழைத்த தீங்கு யாது என்று கேட்டார்; ஒன்றுமில்லை என்றனர். தம் சாவினால் ஏழைகள் பயன்பெறுவராயின் அவ்வாறே செய்க என்றார் அவர். இருவரும் ஆயுதத்தை எறிந்து அடிபணிந்தனர். ஒருவராகிய ரோடே அவருக்கு மெய்க்காவலரானார். மற்றவராகிய தோண்டிராம் கும்பார் அந்த இரவுப் பள்ளியிலேயே பயின்று, கற்றறிந்த பண்டிதராய் உயர்ந்து, புலேயின் இயக்கத்துக்குத் துணைநின்றார்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் நன்கொடை குறைந்தது. பள்ளி நிருவாகத்தினின்று ஜோதிராவ் விலகினார், தொண்டினின்று விலகவில்லை. 1868-இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாதாராக ஒதுக்கப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். 1873-இல் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவினார். 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் அவர் வைத்த கருத்தொன்று என் போன்ற ஆசிரியர் நெஞ்சில் தைக்கத்தக்கது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் உழுகுடியினரிலிருந்தே வரவேண்டும், ஏர்பிடிக்கவோ தச்சுவாய்ச்சியைக் கையாளவோ தெரிந்தவராதல் வேண்டும், மக்களோடு தடையின்றிக் கலந்து பழக வேண்டும் என்றார். யான் பெற்ற பயிற்சியில் இதனை எவரும் சொல்லித்தரவில்லை.

1890 நவம்பர் 28-இல் ஜோதிராவ் மறைந்தார். சாவித்திரிபாயே தீச்சட்டி ஏந்தி இறுதி ஊர்வலத்தில் முன்னே நடந்தார். 1897-இல் புனாவைக் கொள்ளைநோய் சூழ்ந்தபோது, நோயுற்ற தீண்டாதார் வகுப்புச் சிறுவன் ஒருவனைத் தம் முதுகிற் சுமந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தார். அந்நோயே அவரையும் பற்றியது. மார்ச் 10-இல் அவர் உயிர் நீத்தார்.