அடால்ஃப் சாக்ஸ்: மூன்று வால்வு, மூன்று திவால்

சாக்ஸபோன்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு 'டூயட்' படமும் கத்ரி கோபால்நாத்தும் ஞாபகம் வரும். அந்தக் கருவியின் பேருக்குள்ளேயே அதைச் செய்தவரின் பேர் ஒளிஞ்சிருக்கு: அடால்ஃப் சாக்ஸ். அவர் செய்த இன்னொரு கருவிக்கும் இதே மாதிரிதான் பேர் வச்சாங்க, சாக்ஸ்ஹார்ன். ஆனா அது அவ்வளவு பிரபலமாகலை. ரெக்கார்டிங்கே இல்லாத காலத்தில், ஆபரா டிக்கெட் வாங்க வசதியில்லாத மில் தொழிலாளிகளிடம் ரோசினியையும் வெர்டியையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு.

சாக்ஸ் பிறந்தது 1814 நவம்பர் 6, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தினான் என்ற ஊரில். அப்பாவே இசைக்கருவி செய்பவர். சின்ன வயசில் சாக்ஸ் பல தடவை சாவின் வாசல் வரை போய் வந்தவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மாடியிலிருந்து விழுந்தார், ஊசியை முழுங்கினார், ஆசிட் கலந்த தண்ணியைக் குடிச்சார், ஆற்றில் அடிச்சுட்டுப் போனார். இந்தப் பையன் தங்கமாட்டான்னு ஊரே முடிவு பண்ணியிருந்ததாம்.

பையன் தங்கினான். பிரஸ்ஸல்ஸில் இசை படிச்சான், அப்பாவின் பட்டறையில் கை பழகினான். 1838-ல் பேஸ் கிளாரினெட்டைத் திருத்தி அமைத்து பேட்டன்ட் வாங்கும்போது சாக்ஸுக்கு வயசு 24 கூட முழுசா ஆகலை. 1842-ல் பாரிஸுக்குக் குடிபோனார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் அவரைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார். ஆதரவு கிடைச்ச அதே வேகத்தில் பாரிஸின் பழைய கருவித் தயாரிப்பாளர்களின் பகையும் கிடைச்சது.

இப்போ கொஞ்சம் இன்ஜினியரிங். ஒரு வெறும் பித்தளைக் குழாயில் எல்லா ஸ்வரமும் வராது. ஹார்மானிக்ஸ் மட்டும்தான் வரும். வால்வை அழுத்தினா கூடுதல் குழாய் சேர்ந்து நீளம் அதிகமாகும், சுருதி இறங்கும். முதல் வால்வு இரண்டு அரைச்சுரம், இரண்டாவது ஒன்று, மூன்றாவது மூன்று அரைச்சுரம் இறக்கும். மூணு வால்வுன்னா மூணு பிட், எட்டு காம்பினேஷன். முதலும் இரண்டும் சேர்ந்தா மூன்றாவதுக்குச் சமம் என்பதால், வேறுபட்ட நீளம் ஏழுதான். அந்த ஏழை வச்சே எல்லா அரைச்சுரத்தையும் வாசிச்சுடலாம்.

வால்வு சாக்ஸ் கண்டுபிடிச்சது இல்லை. அது அவர் சின்னக் குழந்தையா இருந்தபோதே ஜெர்மனியில் வந்துடுச்சு. அப்போ பேண்டில் இருந்த ஊதுகருவிகள் ஒவ்வொன்றும் ஒரு ரகம்: வெவ்வேறு வடிவம், வெவ்வேறு ஒலி, வெவ்வேறு விரல் முறை. 1843-லும் 1845-லும் வாங்கிய பேட்டன்ட்களில், சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே வடிவம், ஒரே விரல் முறை கொண்ட முழுக் குடும்பத்தையே சாக்ஸ் கொடுத்தார். ஒன்றைக் கத்துக்கிட்டவர் அடுத்ததை எடுத்து வாசிக்கலாம். நம்ம பாஷையில் சொன்னா, ஸ்டாண்டர்டைசேஷன்.

1845 ஏப்ரல் 22. இன்று ஈபிள் கோபுரம் நிற்கும் மைதானத்தில் பழைய ராணுவ பேண்டுக்கும் சாக்ஸின் பேண்டுக்கும் நேரடிப் போட்டி. சுமார் 20,000 பேர் கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆள் எண்ணிக்கையில் குறைவா இருந்தும் சாக்ஸ் பக்கமே கைதட்டல். பிரெஞ்சு ராணுவம் அவர் கருவிகளை ஏற்றது. உடனே போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்து, இதில் புதுசா என்ன இருக்குன்னு கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது.

இதுக்கிடையில் 1844-ல் பாரிஸ் வந்த ஆங்கிலேயர் ஜான் டிஸ்டினும் அவரின் மகன்களும் சாக்ஸின் கருவிகளைப் பார்த்து அசந்துபோய், அவற்றோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். வடக்கு இங்கிலாந்தின் மில் ஊர்களும் சுரங்க ஊர்களும் அந்தக் கருவிகளைப் பிடிச்சுக்கிட்டன. 1853-ல் மான்செஸ்டரின் பெல் வியூவில் நடந்த முதல் பேண்ட் போட்டியில் ஜெயிச்ச குழுவின் பேர் மாஸ்லி டெம்பரன்ஸ் சாக்ஸ்ஹார்ன் பேண்ட்.

அங்கே வாசிச்சதில் பெரும்பகுதி ஆபராவிலிருந்து திரட்டிய பாடல்கள். வயலின் வரியைக் கார்னெட்டுக்கும், செல்லோ வரியை யூஃபோனியத்துக்கும், டபுள் பேஸ் வரியைப் பெரிய பேஸ் கருவிகளுக்கும் மாற்றி எழுதினார்கள். ஒலியும் விரல் முறையும் ஒன்றுபோல இருந்ததால் இது சாத்தியமாச்சு. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் இன்றுவரை பேஸ் டிராம்போன் தவிர மற்ற ஊதுகருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ட்ரெபிள் கிளெஃப்தான். பகல் முழுக்க தறியில் நின்ற ஒருத்தர் சாயங்காலம் வந்து எந்த இருக்கையிலும் உட்காரலாம். ஊர்க்காரங்களுக்கு அதுதான் மலிவான ரெக்கார்டிங்.

சாக்ஸின் கைக்கு இதில் பெரிய காசு வரலை. டிஸ்டின் குடும்பமே பின்னால் லண்டனில் சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பிச்சது. 1852-ல் சாக்ஸ் திவால். அடுத்து உதட்டில் கட்டி. பல வருஷம் அவதிப்பட்டு அதிலிருந்தும் மீண்டார். பாரிஸ் கன்சர்வேட்டரியில் சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்த வேலையும் 1870-ல் போச்சு. 1873-ல் மறுபடி திவால், 1877-ல் மூன்றாவது தடவை. அந்த முறை, வாழ்நாள் பூரா சேர்த்து வைத்திருந்த அபூர்வக் கருவிகளும் ஏலத்துக்குப் போயின. 1894 பிப்ரவரியில் பாரிஸில் 79 வயசில் இறந்தார். மோன்மார்த் கல்லறையில் அடக்கம்.

பேட்டன்ட் அவரைக் காப்பாற்றலை. ஆனா அவர் கொடுத்த டிசைன் எளிமையா, யாரும் கத்துக்கக்கூடியதா இருந்ததால் அவரைத் தாண்டி வாழுது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்: நாம செய்யறது யார் கைக்குப் போய்ச் சேரும்?

கேட்டுப் பார்க்கணுமா? காஸ்ட்லி சிடி எதுவும் தேவையில்லை. 1855-ல் யார்க்‌ஷயரின் ஒரு மில்லில் உருவான பிளாக் டைக் பேண்டும், சுரங்கத் தொழிலாளிகளின் கிரைம்தார்ப் பேண்டும் வாசிச்சது யூடியூபிலேயே நிறைய இருக்கு. முஸோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷ'னை எல்கர் ஹோவர்த் பிராஸ் பேண்டுக்கு மாற்றி எழுதியிருக்கிறார், அதிலிருந்து தொடங்குங்க. முதலில் ஆர்கெஸ்ட்ரா, அடுத்து அதே பகுதியை பேண்டில். வயலினே இல்லாம வயலின் வரி எங்கே போய் உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிங்க. ஹாஸ்டல் வைஃபையும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் போதும்.