மலைப்பறவைகளின் வழித்தடம்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள்தொண்டைச் சிட்டின் பெயரை அறிய, அவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடிச் சென்ற நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அவரது அரிய பணியோ, பிழைப்புக்கு வழியின்றி நின்ற காலத்தில் தொடங்கியது.

பெர்லினில் எர்வின் ஸ்ட்ரேஸ்மன் என்னும் அறிஞரிடம் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவி நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தர அவர் முன்வந்தார். ஊதியம் வேண்டா, களச்செலவு மட்டும் போதும் என்பதே அவர் வைத்த ஏற்பாடு.

அவ்வாறு 1933இல் திருவிதாங்கூர், கொச்சி மலைகளுக்கு மனைவி தெஹ்மினாவுடன் சென்றார். மலை ஏற ஏறப் பறவைக்கூட்டமே மாறுவதை அங்குக் கண்டார். பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டின் தாழ்நிலக் காட்டில் தீக்காக்கையும் தவளைவாயனும் வாழ்ந்தன. மூணாற்றின் உயர்ந்த சோலைகளில் சிரிப்பான்களும், அவற்றை அடுத்த புல்வெளிகளில் நெட்டைக்காலிகளும் இருந்தன. மழை மறைவுப் பகுதியான மறையூரிலோ வறண்ட நிலத்துப் பறவைகளே மிகுதி. ஒவ்வொரு பறவை மாதிரியையும் இடம், நாள் குறித்துப் பதிவு செய்தார். அது எதை உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்பவற்றையும் உற்றுநோக்கினார். பெயர்ப்பட்டியலோடு நிறைவடையாத இந்நோக்கே அவரைப் பிறரினின்று வேறுபடுத்தியது.

1939இல் அறுவை மருத்துவத்திற்குப் பின் தெஹ்மினா மறைந்தார். காட்டுக் கூடாரங்களில் உடனிருந்து உழைத்த துணையை இழந்த துயரிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது.

மலைகள் அவருக்கு ஒரு வினாவையும் எழுப்பின. மலை இருவாச்சி இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிறது. இடைப்பட்ட வறண்ட பெருநிலத்தில் இல்லை. சிரிப்பான் இனங்களின் நிலையும் அதுவே. ஈரக்காட்டுப் பறவைகள் அத்தனை தொலைவை எவ்வாறு கடந்தன? மலையோடை மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா, முற்காலத்தில் விந்திய, சாத்பூரா மலைத்தொடர்களே பாலமாக அமைந்தன என்றார். அக்கருத்தைப் பறவைகளின் பரவலோடு பொருத்தி 1949இல் சலீம் அலி எழுதினார். பிற்கால அறிஞர் அனைவரும் இதனை ஏற்றிலர் எனினும், காடு அறுபட்டால் பறவையின் வழியும் அறுபடும் என்னும் உண்மையை அவ்வாய்வு உணர்த்தியது.

ஆகவேதான், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத்திட்டம் மூழ்கடிக்க இருந்தபோது, முதுமையிலும் அவர் அக்காட்டிற்காக வாதாடினார். திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தட்டேக்காடு அதற்கு முந்தைய ஆண்டே பறவைகள் புகலிடமாகியிருந்தது. சலீம் அலி 1987இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் மையம் இன்று கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டி மலையடிவாரத்தில் இயங்குகிறது.