பெயர் மட்டும் தெரிந்த டாக்டரம்மா

கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி நம்பர் வாங்கப் போனால், நர்சம்மா ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்வாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் நம்ம உறுப்பினர்கள் நிறைய பேர் வாங்கியிருக்கோம். யார் அந்த முத்துலட்சுமி ரெட்டி என்று கேட்டால்தான் பதில் வராது.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். ஊர் வாய் சும்மா இருக்குமா? வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோகிற காலம் வேறு. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. ராஜாவே சேர்த்துக்கொள்ளச் சொன்னதால் இடம் கிடைத்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம் அது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படிப் பேச வாய்த்தது!

இந்திய மாதர் சங்கம் முன்னிறுத்தியதால் சென்னை சட்டசபைக்குப் போனார். அங்கே துணைத் தலைவரும் ஆனார். சின்னப் பெண்களுக்குப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்க அங்கே போராடினார். முழுமையான சட்டம் வந்தது 1947-ல்தான். காந்தி கைதான 1930-லேயே பதவியை விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் விடுதிகள் சேர்த்துக்கொள்ளாத தேவதாசிக் குலத்துப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காகத் தொடங்கியதே ஔவை இல்லம்.

ஆனால் அவர் மனதில் ஆறாமல் கிடந்த காயம் வேறு. கூடப் பிறந்த தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்துபோனாள். அக்கா டாக்டர், அக்கா வீட்டுக்காரரும் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்கிற மனசுதான் அன்றைக்கு எல்லா இடத்திலும். பெண்களோ மார்பில் கட்டி வந்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். இன்றைக்கும் நம்ம குழுக்களில் சொல்லாமல் மறைக்கிறவங்க இருக்காங்களே.

அரசாங்கம் கட்டட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மாதர் சங்கத்தின் பெயரில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி நன்கொடை திரட்டினார். நாம் சந்தாவும் சேமிப்பும் சேர்க்கிறோமே, அதுபோல அங்கேயும் பெண்கள் சங்கம்தான் முன்னே நின்றது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியாச்சு. பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய வயசு. 1952-ல் அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கைதான். பொறுப்பை எடுத்துக்கொண்டவர் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருஷம் இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் இறக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார்.

முத்துலட்சுமி அம்மாவுக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் காலமானார். தென் மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வரும் நோயாளிகள் இப்போதும் அடையாறு ஆஸ்பத்திரி என்று விசாரித்துப் போவது அந்த 12 படுக்கையில் தொடங்கிய இடத்துக்குத்தான்.