வளர மறுத்த பூச்சிகள்

காகிதம் பூச்சியைக் கொல்லுமா? கொன்றது! அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் 1960-களின் மத்தியில் இந்த விசித்திரம் நிகழ்ந்தது.

ப்ராக் நகரிலிருந்து அங்கு வந்த விஞ்ஞானி காரெல் ஸ்லாமா, சில பூச்சிகளையும் உடன் கொண்டுவந்தார். ஐந்தாம் முறை தோலுரித்ததும் சிறகு முளைக்க வேண்டிய பூச்சிகள் அவை. ஹார்வர்டிலோ குஞ்சுகளாகவே பருத்து, முழு வளர்ச்சி காணாமலே மடிந்தன. துப்புத் துலக்கியபோது குற்றவாளி அகப்பட்டது: தட்டில் விரித்திருந்த கைதுடைக்கும் காகிதம்! அது பால்சம் ஃபர் மரக்கூழில் செய்தது. அம்மரத்தில் பூச்சிகளின் 'இளமை ஹார்மோன்' போன்ற ஒரு பொருள் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைத் தாள்களும் அதே வேலையைச் செய்தன. லண்டன் பத்திரிகைத் தாள் செய்யவில்லை!

ஸ்லாமாவுடன் இந்தப் புதிரை விடுவித்தவர்தான் காரல் வில்லியம்ஸ்.

கத்தி பிடித்த டாக்டர்

வில்லியம்ஸ் 1916-ல் விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். 1941-ல் ஹார்வர்டில் ஆராய்ச்சிப் பட்டமும், 1946-ல் வைத்தியப் பட்டமும் பெற்றார். ஆனால் அவருடைய கத்தி தேடிச் சென்றது செக்ரோப்பியா என்னும் காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்களை! மூளையை எடுத்துவிட்டால் கூட்டுப்புழு உறங்கிக்கொண்டே இருக்கும். குளிரில் வைத்திருந்த இன்னொன்றின் மூளையைப் பொருத்தினால் விழித்தெழுந்து சிறகு முளைக்கும். இதை அவர் செய்து காட்டினார்.

புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு என்பதை இங்கிலாந்தில் விகிள்ஸ்வொர்த் 1930-களிலேயே கண்டிருந்தார். அதை முதன்முதலாக எண்ணெயாகப் பிரித்தெடுத்தவர் வில்லியம்ஸ். ஆண் செக்ரோப்பியாவின் வயிற்றிலிருந்து எடுத்து, 1956-ல் வெளியிட்டார். கூட்டுப்புழுவின் மேல் தடவினாலே அதன் வளர்ச்சி குலைந்தது. டி.டி.டி. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி பாராமல் அழித்துவந்த காலம் அது. பூச்சியின் சொந்த ஹார்மோனே அதற்கு யமனாகட்டும் என்று எண்ணினார் அவர். 1967-ல் இதற்கு மூன்றாம் தலைமுறைப் பூச்சிமருந்து என்று பெயரிட்டார்.

பூட்டும் சாவியும்

புழு கூட்டுப்புழுவாக வேண்டுமானால் இளமை ஹார்மோன் மறைய வேண்டும். சுரப்பி ஓய்ந்தால் மட்டும் போதாது. இரத்தத்தில் மிஞ்சியதை எஸ்டரேஸ் என்னும் என்சைம் சிதைத்துத் தீர்க்கிறது. அந்த என்சைமைத் தடுத்தால்? பின்வந்த ரசாயன நிபுணர்கள் ஃப்ளோரின் சேர்ந்த கீட்டோன்களை இதற்கென்றே வடிவமைத்தார்கள். ஹார்மோன் என்று நம்பி என்சைம் அதைப் பற்றும். பூட்டில் சிக்கிய சாவி போல் அது கழல மறுக்கும். புழு கூட்டுப்புழுவாகும் நாள் தள்ளிப்போகும்.

ஆனால் ஓர் இடைஞ்சல்! இளமை நீடித்த புழு பயிரை இன்னும் மேயுமே? ஆகவே, வளர்ந்தபின் தீங்கு செய்யும் கொசு போன்றவற்றுக்கே இந்த வழி அதிகம் பொருந்தியது. இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மெத்தோபிரீன் 1975-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தன் ஹார்மோனையே பூச்சி எதிர்த்து நிற்காது என்று வில்லியம்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கை முழுதும் பலிக்கவில்லை. தாக்குப்பிடிக்கும் பூச்சிகள் தோன்றின. 1991-ல் அவர் மறைந்தார். ஆயினும் பகைவனை வெல்ல விஷத்தைத் தேடுமுன் அவன் உடலின் ரகசியத்தை அறிய வேண்டும் என்ற பாடம், அவர் விட்டுச்சென்ற செல்வம்.